உப்புக் காற்றில் செடி படிக்கலாம்: இராமநாதபுரம் கடற்கரையில் தாவர வகைப்பாடு கற்கத் தொடங்குவோருக்கு

தாவர வகைப்பாட்டைப் புத்தகத்தில் தொடங்குகிறவர்களில் பலர் குடும்பப் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் பெயர்களும் போய்விடும். அந்தப் பாடத்தைக் கடற்கரையில் தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் கரையில் கடற்பாசி, கடல்புல், மணல்மேட்டுக் கொடி, உவர்நிலப் பூண்டு, அலையாத்தி, பனை, முள்மரம் எல்லாமே இருக்கின்றன. பஸ்ஸில் ஏறி இறங்கியே பார்த்துவிடலாம்.

இந்தக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உப்பும் வெயிலும் காற்றும் இங்கே எல்லாச் செடிகளையும் ஒரே மாதிரி படுத்துகின்றன. அதனால் உறவே இல்லாத செடிகள் பார்வைக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டன, நெருங்கிய உறவுகளோ அடையாளம் தெரியாமல் நிற்கின்றன. எது உறவு, எது வெறும் ஒப்பு என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வகைப்பாடு. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பரிணாமம் தனிப் பாடமாகத் தெரியாது.

கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, புது பிளேடு, குண்டூசி, நோட்டு, பழைய நாளிதழ்க் கட்டு, தொப்பி, குடிதண்ணீர். எழுதப் பென்சில் போதும். உப்புத் தண்ணீர் பட்டால் பேனா மை கரைந்துவிடும். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைச் செடிக்கு நேரே நீட்டிப் பிடித்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை உள்ள நாட்கள் தொடங்க நல்லவை. மணலில் பூ இருக்கும், கண்மாயிலும் ஊருணியிலும் தண்ணீர் நிற்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் கலங்கியும், மன்னார் வளைகுடாவான தென்கடல் அடங்கியும் இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். ஒதுங்கிய பாசியைப் பார்க்கக் கலங்கிய பக்கம் போங்கள். பாறையில் ஒட்டி நிற்கும் பாசியைப் பார்க்க அடங்கிய பக்கம் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும்.

சட்டத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, செத்ததாக இருந்தாலும், கையில் எடுத்துவராதீர்கள். கரையிலும் எங்கே சேகரிக்கலாம் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். தீவுக்குப் போக முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். முதல் வருடத்துக்கான பாடம் முழுக்கக் கரையிலேயே இருக்கிறது.

முதல் படி: முள்மரங்களில் கை பழகுங்கள்

கடலுக்கு ஓடுவதற்கு முன் ரோட்டோரத்தில் நில்லுங்கள். சீமைக்கருவேல், கருவேல், உடை, வெள்வேல் என்ற நான்கையும் இந்த மாவட்டத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. நான்குக்கும் முள் உண்டு. நான்குக்கும் இரண்டு முறை பிரிந்த சிறு சிறு இலைகள். நான்கும் அவரைக் குடும்பம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாமே "கருவ மரம்"தான். பூவும் காயும் உள்ள கிளையைப் பிடித்துப் பார்த்தால் நான்கும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கேள்விகளை இப்படி அமைக்கலாம்:

1. பூக்கள் விரல்போல் நீண்ட கதிராக உள்ளனவா? ஆம் என்றால் சீமைக்கருவேல். இல்லை, சிறு உருண்டைகளாக உள்ளன என்றால் 2க்குப் போகவும்.
2. உருண்டைகள் கிளை நுனியில் பெரிய கொத்தாகச் சேர்ந்து, மரப்பட்டை வெளிறியிருக்கிறதா? ஆம் என்றால் வெள்வேல். இல்லையென்றால் 3.
3. உருண்டை பளிச்சென்ற மஞ்சள், காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலைபோல் இருந்தால் கருவேல். உருண்டை வெள்ளை, காய் வளைந்து சுருண்டு, மரத்தின் தலை தட்டையாகக் குடைபோல் விரிந்திருந்தால் உடை.

இதற்கு இனங்காண் திறவுகோல் என்று பெயர். படித்துவிட்டு நகராமல் நீங்களே ஒன்றை எழுதுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஐந்து மரங்களுக்கு எழுதி, செடி தெரியாத ஒருவரிடம் கொடுத்து, சரியான மரத்தின் முன்னால் போய் நிற்கிறாரா என்று பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் உங்கள் கேள்விதான் மங்கலாக இருக்கிறது. "பெரிய இலை", "சின்ன காய்" என்று எழுதியிருப்பீர்கள். அளவெடுத்து எழுதுங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். பழைய புத்தகங்களில் கருவேல், உடை, வெள்வேல் மூன்றும் அக்கேசியா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டத்தில்) இருக்கும். மரபணு ஆய்வில் அந்தப் பேரினம் ஒரே மூதாதையின் வழி வந்த கூட்டம் அல்ல என்று தெரிந்ததும் அதைப் பிரித்தார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டின் முடிவுப்படி அக்கேசியா என்ற பெயர் பெரும்பாலும் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போயிற்று. நம் மூன்றும் வாச்செல்லியா ஆயின. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவாக இருந்த சீமைக்கருவேலுக்கும் இதே காரணத்தால் 2022இல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று பெயர் வந்தது. பெயர் மாறும்போது எரிச்சல்படாதீர்கள். உறவு முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்ததால் வந்த மாற்றம் அது. நோட்டில் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: ஒரு பூவை முழுதாகப் பிரியுங்கள்

அடம்பு எனப்படும் ஐப்போமியா பெஸ்-காப்ரே கொடியிலிருந்து காலையில் ஒரு பூ எடுங்கள். அரியமான், சேதுக்கரை, தனுஷ்கோடி என்று மணல் உள்ள இடமெல்லாம் அது படர்ந்திருக்கும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும், அதனால் தாமதிக்க வேண்டாம்.

காம்பிலிருந்து உள்நோக்கிப் போங்கள். முதலில் புல்லிகள் ஐந்து, தனித்தனியாக. அடுத்து ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புனல். அது ஒரே இதழ்போலத் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஐந்து பட்டைகள் நட்சத்திரமாக ஓடுவது தெரியும். ஐந்து அல்லிகள் கூடி ஒன்றானதன் தடம் அது. புனலைப் பிளேடால் நீளவாக்கில் கீறி விரியுங்கள். அடியில் ஐந்து மகரந்தத் தாள்கள் குழாயோடு ஒட்டியிருக்கும். அவற்றின் உயரம் ஒன்றுபோல் இருக்காது, அடிப்பக்கம் மயிர் இருக்கும். நடுவில் சூல்பை, அதன் மேல் சூலகத் தண்டு, நுனியில் இரட்டை உருண்டையாகச் சூல்முடி. இத்தனையையும் வரைந்து பெயர் எழுதுங்கள். படம் அழகாக வர வேண்டிய தேவையில்லை, எண்ணிக்கையும் ஒட்டும் இடமும் சரியாக இருந்தால் போதும்.

இனி ஒரு கண்மாய்க்குப் போய் வள்ளைக்கீரைப் பூவை எடுத்து அதே வரிசையில் பிரியுங்கள். முடிந்தால் சர்க்கரைவள்ளிப் பூவையும் பாருங்கள். மூன்றும் ஐப்போமியா. ஒன்று சுடுமணலில் படரும், ஒன்று நீரில் மிதக்கும், ஒன்று வயலில் கிழங்கு வைக்கும். இலை மூன்றிலும் வேறு வேறு, பூவோ ஒரே அமைப்பு. வாழும் இடத்துக்கேற்ப இலையும் தண்டும் சீக்கிரம் மாறிவிடும், பூவின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. உறவு பார்க்கப் பூவையும் காயையும் முதலில் தேடுவது இதனால்தான்.

பூவை நம்புவதிலும் ஒரு அளவு வேண்டும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தியபோது, மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை வைத்தே வகுப்புகளைப் பிரித்தார். எண்ணுவது எளிது, ஆனால் உறவில்லாத செடிகள் ஒரே வகுப்புக்குள் வந்து விழுந்தன. அவருடைய பெயரிடும் முறை நிலைத்தது, வகுப்புமுறை நிலைக்கவில்லை. ஒரே பண்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பல பண்புகள் சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

அடம்புக்குப் பக்கத்திலேயே இராவணன் மீசை நிற்கும். அது ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்ற புல். நுனி ஊசியாகக் குத்தும், கவனமாகத் தொடுங்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள் உருண்டையாகி, முற்றியதும் கழன்று காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். போகும் வழியில் விதை சிந்தும். அடம்பு இலையையும் இந்தப் புல்லின் இலையையும் லென்ஸில் அடுத்தடுத்துப் பாருங்கள். முன்னதில் நரம்புகள் வலையாகவும் பின்னதில் இணைகோடாகவும் ஓடும். இருவித்திலை, ஒருவித்திலைத் தாவரங்களைப் பிரிக்க உதவும் முதல் தடயம் இது. வெட்டிக் கிடக்கும் பனந்தண்டு கண்ணில் பட்டால் அதன் குறுக்குவெட்டையும் பாருங்கள். வயிரம் வெளிப்புறத்தில் இருக்கும், நடு மென்மையாக இருக்கும், ஆண்டு வளையம் இருக்காது. வெளியே வயிரமுள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்திருக்கிறது. பனையைப் புல்லோடு சேர்த்த அந்தப் பார்வையும், பனையையும் புல்லையும் ஒருவித்திலைக் கிளையில் வைக்கும் இன்றைய வகைப்பாடும் இந்த இடத்தில் பொருந்திப் போகின்றன.

மூன்றாம் படி: கரை ஒதுங்கியதைக் கொட்டிப் பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். மண்டபம், பாம்பன், பெரியபட்டினம் பக்கம் அலை ஒதுக்கிய குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒரு வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றி அதில் விடுங்கள். காய்ந்து சுருண்டு கிடந்தவை தண்ணீரில் விரியும்.

முதல் கேள்வி: வேர் இருக்கிறதா? நாடாபோல் நீண்ட பச்சை இலையோடு, கணுக்கணுவாக ஓடும் கிடைத்தண்டும் கணுவில் வேரும் இருந்தால் அது கடல்புல். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் இணை நரம்புகள் தெரியும். துடுப்புபோன்ற சிறு இலைகள் இரண்டிரண்டாக நின்றால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். கடல்புல் பாசி இனமே அல்ல, பூத்துக் காய்க்கும் ஒருவித்திலைத் தாவரம். நிலத்தில் வாழ்ந்த அதன் முன்னோர் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடலுக்குள் போயினர். கண்மாயில் காலைச் சுற்றும் ஹைட்ரில்லா ஹாலோஃபிலாவின் குடும்பம்தான். ஊரில் அதையும் பாசி என்றே சொல்வோம். நம் கடலில் உள்ள எனாலஸ் என்ற கடல்புல்லும் அதே குடும்பம். ஹைட்ரில்லாவின் ஆண்பூவும் எனாலஸின் ஆண்பூவும் கழன்று நீர்ப்பரப்புக்கு வந்து மிதக்கும். கடல்பசுவான ஆவுளியா மேய்வது இந்தக் கடல்புல் வெளிகளில்தான்.

வேரே இல்லை, பாறையைப் பிடிக்கும் பற்றுறுப்பு மட்டும் இருக்கிறது, நரம்பும் இல்லை என்றால் அது பாசி. இங்கே பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று கிளைகள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் கிடந்த சிவப்புப் பாசி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இதற்கு உதவும். பழுப்புப் பாசியை, உதாரணத்துக்குக் கட்டக்கோரை எனப்படும் சர்காசத்தின் புதுத் துண்டு ஒன்றை, கொதிநீரில் போட்டால் பச்சையாக மாறும். பழுப்பு நிறமி சூட்டில் குலைந்து, அடியில் மறைந்திருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. நிறம் போகாத சிவப்புப் பாசியை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், ஏனென்றால் அதன் நிறமி நீரில் கரையும். பச்சையம் அப்படிக் கரையாது.

இந்த மூன்று கிளைகளும் நிலச் செடிகளுக்கு ஒரே தூரத்து உறவு அல்ல. பச்சைப் பாசிகளின் ஒரு நன்னீர்க் கிளையிலிருந்துதான் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தாவரங்கள் வந்தன. உல்வா என்ற பச்சைத் தாள்பாசிக்குப் பனை சொந்தம். சிவப்புப் பாசிகள் இன்னும் சற்று தள்ளி நிற்கும் பங்காளிகள். பழுப்புப் பாசியோ வேறு வம்சம். அதன் முன்னோடியான ஒற்றைச் செல் உயிரி ஒரு சிவப்புப் பாசிச் செல்லை விழுங்கி உள்ளேயே வைத்துக்கொண்டதால் ஒளிச்சேர்க்கை செய்யும் திறன் அதற்கு வந்தது. தட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் கட்டக்கோரைக்கும் உல்வாவுக்கும் உள்ள தூரம், உல்வாவுக்கும் உங்கள் வீட்டு வேப்பமரத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

தட்டில் காலர்பா கிடைத்தால் அதோடு சற்று நேரம் செலவிடுங்கள். ஓடுதண்டு, வேர்போன்ற இழைகள், மேலே இலைபோன்ற அல்லது திராட்சைக் கொத்துபோன்ற கிளைகள் என்று முழுச் செடிபோலவே இருக்கும். உள்ளே குறுக்குச்சுவர் கிடையாது. கையளவு நீளமுள்ள அந்த உருவம் முழுவதும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல்.

பாசி எடுக்கும் பெண்களிடம் பேசுங்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் தண்ணீருக்கடியில் கை தொட்டே பிரித்துவிடுவார்கள். முதல் இரண்டும் சிவப்புப் பாசிகள், அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கப் போகின்றன. கட்டக்கோரை பழுப்பு, அல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்குப் போகிறது. "அக்கா, இதை எப்படிப் பிரிக்கிறீங்க?" என்று அவர்கள் ஓய்வாக இருக்கும்போது கேளுங்கள். சொரசொரப்பு, வழவழப்பு, ஒடியும் விதம், வளரும் பாறை என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் வகைப்பாட்டுப் பண்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கரங்காட்டில் ஒப்பையும் உறவையும் பிரியுங்கள்

தொண்டிப் பக்கம் உள்ள கரங்காட்டில் வனத்துறை படகு விடுகிறது. அங்கே பெரும்பாலும் நிற்பது அவிசெனியா மரைனா. சேற்றிலிருந்து பென்சில்போல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். இலையின் மேல்பக்கத்தை நாவால் தொட்டால் கரிக்கும். உப்பை இலைவழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை எனப்படும் ரைசோஃபோரா வேறு வழி கண்டது. தாங்குவேர்களை ஊன்றிக்கொண்டு, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீளும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் உள்ள லும்னிட்செரா மூன்றாவது.

மூன்றையும் அலையாத்தி என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். உறவில் மூன்றும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், ஒரே பள்ளிச் சீருடை போட்டிருக்கிறார்கள். அவிசெனியா கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவற்றின் குடும்பம். ரைசோஃபோரா ஆமணக்கும் நெல்லியும் உள்ள வரிசையை (பல குடும்பங்கள் சேர்ந்த கூட்டத்தை) சேர்ந்தது. லும்னிட்செரா மருதம், கடுக்காய், நாட்டுவாதுமை ஆகியவற்றின் குடும்பம். உப்புச் சேற்றில் வாழும் வழியைத் தாவரங்கள் பலமுறை தனித்தனியாகக் கண்டடைந்திருக்கின்றன. இதைக் குவிபரிணாமம் என்பார்கள்.

ஒப்பு எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. உவர்நிலத்தில் சேர்ந்து நிற்கும் உமரியும் வங்காரவள்ளையும் சதைப்பற்றோடு ஒன்றுபோல் இருக்கும். குடும்பம் வேறு என்றாலும் வரிசை ஒன்று. தண்டுக்கீரை, பருப்புக்கீரை, சப்பாத்திக்கள்ளி, காகிதப்பூ எல்லாம் அந்த வரிசைதான். கோடையில் உமரி சிவக்கும்போது வரும் நிறமி பீட்ரூட்டின் நிறமி வகை, செம்பருத்தியின் நிறமி வகை அல்ல. இந்த வரிசையின் குடும்ப அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அலையாத்திக் காட்டில் பாலுள்ள மரத்தை ஒடிக்காதீர்கள். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. எருக்கம்பாலும் அப்படியே.

ஐந்தாம் படி: விட்டுப்போன கிளைகள்

கடற்கரையில் பூக்கும் தாவரம்தான் அதிகம். மற்ற கிளைகளுக்கு உள்ளே வர வேண்டும். மழைக்குப் பின் கிணற்றுச் சுவரில் பச்சைக் கம்பளமாக வருவது மாஸ் எனப்படும் மாசி, அதற்கு நீர்க்குழாய்த் திசுவும் இல்லை, விதையும் இல்லை. வயல் வரப்பில் நான்கு சிற்றிலைகளோடு நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. அது பூக்கவே பூக்காது. அடியில் அவரைவிதைபோல் உள்ள சிறு கடின உருண்டைக்குள் வித்துகள் இருக்கும். பூவில்லாமல் விதை மட்டும் உள்ள கிளைக்கு, யாராவது வீட்டுத் தோட்டத்தில் வைத்திருக்கும் சைகஸ் போதும்.

சவுக்கைப் பைன் மரத்தோடு சேர்த்து இந்தக் கிளையில் வைத்துவிடாதீர்கள். "ஊசி" ஒன்றைப் பிடித்து இழுங்கள், மூட்டு மூட்டாகக் கழலும். மூட்டை லென்ஸில் பார்த்தால் ஏழெட்டு நுண்பற்கள் வட்டமாக நிற்கும். அவைதான் இலைகள், ஊசி என்று நினைத்தது கிளை. பெண்பூக்கள் சிறு சிவப்புத் தலையாக வரும். சவுக்கு முழுமையான பூக்கும் தாவரம்.

ஆறாம் படி: உறவு மரம் வரையுங்கள்

ஒரு தாளில் உல்வா, மாசி, ஆரைக்கீரை, சைகஸ், பனை, கடல்புல், அடம்பு, சவுக்கு என்று கீழே எழுதுங்கள். பக்கவாட்டில் நான்கு கேள்விகள்: நீர்க்குழாய்த் திசு உண்டா, விதை உண்டா, பூ உண்டா, ஒரே வித்திலையா? கட்டம் போட்டு உண்டு, இல்லை என்று நிரப்புங்கள். பிறகு கிளை பிரியுங்கள். உல்வாவுக்கும் மாசிக்கும் நான்குமே இல்லை, ஆனால் மாசி நிலத்தாவரம் என்பதால் முதலில் உல்வா பிரியும், அடுத்து மாசி, பிறகு ஆரைக்கீரை, அதன்பின் சைகஸ். எஞ்சிய நான்கில் பனையும் கடல்புல்லும் ஒரு கிளை, அடம்பும் சவுக்கும் இன்னொரு கிளை. கட்டக்கோரைக்கு இந்த மரத்தில் இடமில்லை. தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள்.

கடல்புல்லை உல்வாவின் பக்கத்தில் வைக்கத்தான் கை போகும், இரண்டும் கடலில் இருப்பதால். நிரப்பிய கட்டத்தைப் பார்த்து அதைப் பனையின் பக்கத்தில் வையுங்கள். வரைந்த பிறகு கிளைகளில் காலத்தைக் குறிக்கலாம்: நீர்க்குழாய்த் தாவரங்கள் சுமார் 43 கோடி ஆண்டுகள், விதைத் தாவரங்கள் சுமார் 36 கோடி, பூக்கும் தாவரங்களின் தெளிவான புதைபடிவங்கள் சுமார் 13 கோடி.

ஏழாம் படி: உலர்த்தித் தாளில் ஒட்டுங்கள்

பூவும் காயும் உள்ள கிளையாக, செடி குறையாத அளவுக்கு மட்டும் எடுங்கள். நாளிதழ் மடிப்புக்குள் விரித்து, ஒரு இலையை மட்டும் திருப்பி அடிப்பக்கம் தெரிய வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றுங்கள். கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தாளை முதல் வாரம் தினமும் மாற்றுங்கள். உமரி, வங்காரவள்ளை போன்ற சதைப்பற்றுச் செடிகள் அழுத்தத்துக்குள்ளும் உயிரோடு இருந்து இலை உதிர்க்கும். அவற்றைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்த பிறகு அழுத்துங்கள். பாசியைத் தட்டில் கடல்நீரில் மிதக்கவிட்டு, கீழே கெட்டித் தாளைச் செருகி, ஊசியால் கிளை விரித்து, தாளோடு மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி போட்டு அழுத்தினால் அதன் பசையிலேயே பல பாசிகள் ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்ததை ஏறக்குறைய 42க்கு 28 செ.மீ. தாளில் தைத்தோ ஒட்டியோ வைத்து, வலது கீழ்மூலையில் சீட்டு எழுதுங்கள். ஊர், அருகில் உள்ள அடையாளம், தேதி, மணலா சேறா பாறையா, செடியின் உயரம், ஊர்ப்பெயர், உங்கள் வரிசை எண் எல்லாம் வேண்டும். பூவின் நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள், காய்ந்தால் போய்விடும். செல்போன் செயலி சொல்லும் பெயரைப் பென்சிலில் ஒரு ஊகமாக மட்டும் குறித்து, திறவுகோலில் ஓட்டிப் பார்த்த பிறகு உறுதி செய்யுங்கள். கடலோரச் சதைப்பற்றுச் செடிகளில் செயலிகள் அடிக்கடி தவறுகின்றன.

பெயர் உறுதியாகாத தாள்களைத் தனிக் கட்டாக வையுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மதராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரக் காப்பகம்), திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன. பாசிகளுக்கு மண்டபத்திலேயே மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம் உள்ளது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில் தாள்களோடு போங்கள். அங்குள்ள தாளுக்குப் பக்கத்தில் உங்கள் தாளை வைத்து, இலை நுனியிலிருந்து விதை வரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.